திகில் கதையை வாசிப்பவர் அலறத்தான் வேண்டுமா? (ஒலிநூல் கேட்போர் விவாத இழை)

வண்ணாரப்பேட்டை வாசகி (தொடக்கப் பதிவு)

தமிழில் திகில் கதைகளும் மர்மக் கதைகளும் ஒலிநூல்களாக ஏராளமாக வரத் தொடங்கிவிட்டன. அவற்றை விடாமல் கேட்டு வருபவள் என்ற முறையில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. காதால் கேட்கும் திகில் கதையில் நம்மை நடுங்க வைப்பது அளவாகப் பேசும் ஒரு குரலும் அது விடுகிற இடைவெளியும்தான். நம் தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் அந்தக் குரலை நம்புவதில்லை. பின்னணி இசை, அலறல், நாய் ஊளை, கதவுச் சத்தம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் அதன்மேல் கொட்டிவிடுகிறார்கள்.

அச்சில் படிப்பவருக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பயம் ஏறும் இடத்தில் அவர் கண்ணை எடுத்துக்கொள்ளலாம், இரண்டு பத்திகளைத் தாண்டிப் போய் யார் பிழைத்தார் என்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பி வரலாம். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. அடுத்த சொல் எப்போது வரும் என்பது வாசிப்பவர் கையில் இருக்கிறது. ஆகவே திகில் கதை ஒலிக்கு வரும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பது என் எண்ணம். மீதிப் பாதியைக் கெடுக்காமல் இருந்தாலே போதும்.

எப்படிக் கெடுக்கிறார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். "கதவு கிரீச்சென்று மெல்லத் திறந்தது" என்று கதையில் ஒரு வரி வருகிறது. வாசிப்பவர் அதை வாசிக்கிறார். வாசித்து முடித்த உடனே, ஏதோ ஒலிக்களஞ்சியத்திலிருந்து எடுத்த கதவுச் சத்தம் மூன்று நொடிக்கு ஒலிக்கிறது. எழுத்தாளர் சொல்லிவிட்ட ஒன்றை இரண்டாம் முறை சொல்வதால் பயம் இரட்டிப்பதில்லை. நான் என் மனத்துக்குள் திறந்து வைத்திருந்த கதவை அந்தச் சத்தம் மூடிவிடுகிறது.

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட 'குரங்கின் பாதம்' கதையில், இறந்துபோன மகன் திரும்பி வர வேண்டும் என்று, தாய் வற்புறுத்தியதால் தந்தை அந்தப் பாதத்திடம் வேண்டியபின் வாசற்கதவு தட்டப்படுகிறது. வெளியே நிற்பது எது என்று கதை கடைசிவரை காட்டுவதே இல்லை. இக்கதையை ஒலியாக்கும்போது உண்மையான தட்டல் ஓசையைச் சேர்த்துவிட்டால், தட்டுகிற கைக்கு ஓர் அளவும் எடையும் வந்துவிடும். அது ஒரு மனிதக் கை என்று காது முடிவு கட்டிவிடும். வாசிப்பவர் "தட்டல் கேட்டது" என்று மட்டும் சொல்லிச் சற்று நிறுத்தினால், அந்தக் கையைக் கேட்பவர் ஒவ்வொருவரும் தாமே செய்துகொள்வார்கள்.

எட்கர் ஆலன் போவின் 'துடிக்கும் இதயம்' (1843) இன்னும் தெளிவான சான்று. கொலை செய்தவனே கதையைச் சொல்கிறான். தனக்குப் பித்துப் பிடிக்கவில்லை என்பதற்குத் தன் நிதானத்தையே சாட்சியாக வைக்கிறான். ஆகவே அந்த நிதானம் குரலில் இருக்க வேண்டும். முதல் வாக்கியத்திலேயே வெறிபிடித்தவனாகக் கத்தத் தொடங்கினால், இறுதியில் அவன் உண்மையிலேயே உடையும் இடத்தில் குரலுக்குப் போக்கிடம் இருக்காது.

துப்பறியும் கதைகளுக்கு இந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது என்பதை அறிவேன். அங்கே காதின் சிக்கல் வேறு: பின்னால் புரட்டிப் பார்க்க முடியாது. "மாலை 4.30, பெசன்ட் நகர்", "இரண்டு நாள்களுக்கு முன்" என்று அத்தியாயத் தலைப்பில் காலமும் இடமும் தரும் நாவல்களில், வாசிப்பவர் அந்த ஒரு வரியை விரைந்து கடந்துவிட்டால் அடுத்த அரை மணி நேரம் நமக்குக் கதை பிடிபடாது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எண்ணூர் இரவுப்பணியாளர்

அக்கா, உங்கள் கருத்தை மதிக்கிறேன். ஆனால் அது அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்பவரின் கருத்து என்று எனக்குத் தோன்றுகிறது. நான் கேட்பது கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில், பேசின் பிரிட்ஜிலிருந்து கத்திவாக்கம் வரை. கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு வண்டிக்கு வழிவிட்டு ரயில் நின்று நின்று போகும். தண்டவாள ஓசை, கூட்டத்தின் பேச்சு, பக்கத்தில் இருப்பவர் சத்தமாக வைத்துப் பார்க்கும் காணொளி எல்லாம் சேர்ந்து வரும். அந்த இரைச்சலில் வாசிப்பாளர் விடுகிற மௌனம் மௌனமாக என்னிடம் வந்து சேர்வதே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நான் கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறேன். பயம் அங்கேயே போய்விடுகிறது. பின்னால் மெல்லிய இசை ஓடிக்கொண்டிருந்தால், கதை நிற்கவில்லை, ஏதோ வரப்போகிறது என்பது எனக்குத் தெரிகிறது.

பல குரல்களில் வாசிப்பதையும் நான் வரவேற்கிறேன். ஒரு விசாரணைக் காட்சியில் ஆய்வாளர், வீட்டு வேலைக்காரர், இறந்தவரின் தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று நான்கு பேர் பேசினால், ஒரே குரலில் கேட்கும்போது யார் சொன்ன சாட்சியம் எது என்று எனக்குக் குழம்பிப் போகிறது. வேலை முடித்துச் சோர்ந்து வருகிற மூளைக்கு அந்த வேறுபாடு பெரிய உதவி.

ஆனால் தொடர்கதைச் செயலிகளைப் பற்றி எனக்கும் வருத்தம் உண்டு. பத்துப் பதினைந்து நிமிட எபிசோடுகள் என் பயணத்துக்கு ஏற்ற அளவுதான். ஆயினும் ஒவ்வொன்றும் ஓர் அலறலில் முடிந்து, அடுத்தது முந்தைய கதையை மீண்டும் சொல்லித் தொடங்குகிறது. அந்த அலறலுக்குக் காரணம் பூனை என்று தெரிய வருகிறது. நூற்றுக்கணக்கான பகுதிகளுக்கு நீட்ட வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு எழுதும் கதையில், யாரும் உண்மையான ஆபத்தில் இருப்பதில்லை என்று கேட்பவனுக்கு விரைவிலேயே தெரிந்துவிடுகிறது.

பெரம்பூர் ஒலிப்பதிவாளர்

இருவர் சொல்வதற்கும் ஒலிப்பதிவில் காரணம் இருக்கிறது. ஒலிநூல்களைத் தயாரித்து விற்க உதவும் ஏசிஎக்ஸ் என்னும் இணையத்தளம் அவற்றுக்கு வைத்திருக்கும் அளவுகோலின்படி, சராசரி ஒலியளவு மைனஸ் 23 முதல் மைனஸ் 18 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டக் கூடாது. யாரும் பேசாத இடத்தில் எஞ்சும் பின்னணி இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழே இருக்க வேண்டும். இந்த எல்லைக்குள் முணுமுணுப்பும் கத்தலும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகிப் போக முடியாது. ஆகவே ரயிலிலும் கேட்க முடிகிறது. நாடகத்தனமாகச் செய்யும் தயாரிப்புகளில் முணுமுணுப்பு காதில் விழாத அளவுக்குத் தாழ்ந்தும் அலறல் உச்சத்தில் முட்டியும் இருக்கின்றன. முணுமுணுப்புக்காகக் கேட்பவர் ஒலியைக் கூட்டி வைக்கிறார். அடுத்த நொடி அலறல் வந்து காதைப் பதம் பார்க்கிறது. அவர் துள்ளுவது உண்மைதான், ஆனால் அதற்குக் கதையில் காரணமில்லை.

எண்ணூர் நண்பர் சொன்ன மௌனத்துக்கு வருகிறேன். பதிவைத் தொகுக்கும்போது பலர், பேச்சு இல்லாத இடங்களை அப்படியே வெட்டி முழுச் சுழியமாக்கிவிடுகிறார்கள். அதைக் காது 'நின்றுபோயிற்று' என்றே எடுத்துக்கொள்ளும். அறைக்கென்று இயல்பான ஒரு மெல்லோசை உண்டு. யாரும் பேசாமல் அதை மட்டும் முன்கூட்டியே சிறிது நேரம் பதிந்து வைத்துக்கொண்டு இடைவெளிகளில் இட்டால், வாசிப்பவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், இன்னும் பேசவில்லை என்பது கேட்பவருக்குத் தெரியும். காதை நன்றாக அடைக்கும் இயர்போன் இருந்தால் பயணத்திலும் இந்த வேறுபாட்டை ஓரளவு உணரலாம்.

மூச்சொலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூய்மையான பதிவு என்ற பெயரில் வாசிப்பாளரின் மூச்சை முழுவதும் அழித்துவிடுகிறோம். வரலாற்று நூலுக்கு அது பொருந்தலாம். ஒருவன் இருட்டில் மாடிப்படி ஏறுவதை வாசிக்கும் குரலில், வாக்கியம் தொடங்கும் முன் இழுக்கும் அரை மூச்சு எந்த இசையையும்விடப் பெரிய வேலை செய்கிறது. நான் தொகுக்கும் திகில் கதைகளில் அதைத் தொடுவதில்லை. கேட்பவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு: சில செயலிகளில் இடைவெளிகளைத் தானாகவே நீக்கும் வசதி இருக்கிறது. செய்திகளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். திகில் கதைக்கு அணைத்துவிடுங்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பதும் அப்படித்தான்.

காசிமேட்டு இளைஞன்

இசையைவிட எனக்குப் பெரிய மனக்குறை வேறொன்று. அதை இந்த இழையில் சொல்லாவிட்டால் வேறெங்கும் சொல்ல முடியாது. தமிழ்க் குற்றக் கதைகளின் ஒலிவடிவத்தில் கத்தியெடுப்பவன், கடத்துபவன், கூலிக்குக் கொல்பவன் என்று யார் வந்தாலும் எங்கள் வடசென்னைப் பேச்சுத்தான் பேசுகிறான். துப்பறிபவர், மருத்துவர், வழக்கறிஞர் எல்லாரும் ஊர் அடையாளமே இல்லாத ஒரு தமிழில் பேசுகிறார்கள்.

இதற்கு எழுத்தாளர்மீது மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு நாவலை அச்சில் படித்துவிட்டுப் பின்னர் ஒலியில் கேட்டேன். அச்சில் அடியாள் "என்ன வேண்டும்?" என்று மட்டும் கேட்கிறான், அவன் எந்த ஊர்க்காரன் என்று கதை எங்கும் சொல்லவில்லை. ஒலியில் அது "இன்னாபா வோணும்?" என்று, தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்ட ஒரு குரலில் வருகிறது. அந்தக் குரலை என் தெருவில் எவரும் பேசிக் கேட்டதில்லை. திரைப்படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பேச்சு அது. என் அம்மா மீன் ஏலத்தில் பேசுகிற தமிழுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இதனால் கதைக்கே கேடு வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மர்மக் கதையில் குற்றவாளி யாரென்பது மறைந்திருக்க வேண்டும். வடசென்னைப் பேச்சோடு ஒருவர் உள்ளே நுழைந்த உடனே, இவர் அடியாள் அல்லது பலியாள் என்று கேட்பவர் முடிவு செய்துவிடுகிறார். துறைமுகத்தில் கணக்கு எழுதுபவரும் பள்ளித் தலைமையாசிரியரும் உதவி ஆய்வாளரும் அதே பேச்சில் பேசினால், யாரையும் அப்படி எளிதில் ஊகிக்க முடியாது.

பெரம்பூர் ஒலிப்பதிவாளர்

தம்பி சொல்வதை நான் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே பார்த்திருக்கிறேன். பெரும்பாலான வாசிப்பாளர்களுக்குப் பிரதியை முன்கூட்டிப் படிக்க நேரம் கொடுக்கப்படுவதில்லை. மைக் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் பாத்திரத்தைச் சந்திக்கிறார்கள். கையில் பிரதி மட்டும் இருந்து வழிகாட்ட ஒருவர் இல்லாதபோது, பழக்கத்தில் இருக்கும் குரல்தான் வெளியே வரும். வட்டார வழக்கு தேவைப்படும் நாவலுக்கு அந்த வட்டாரத்து ஆள் ஒருவரை உடன் அமர்த்திக்கொள்ளப் பெரிய செலவு ஆகாது.

திருவொற்றியூர் தமிழாசிரியர் (ஓய்வு)

கண்பார்வையை இழந்தபின் நூல்களைக் காதாலேயே கற்று வருபவன் நான். ஆகையால் இவ்விவாதம் எனக்கு நெருக்கமானது. 1935இல் பிரிட்டனில் பார்வையற்றோருக்கான பேசும் நூல் சேவை தொடங்கியபோது, இசைத்தட்டுகளில் முதலில் வெளிவந்த நூல்களில் அகதா கிறிஸ்டியின் 'ரோஜர் அக்ராய்டின் கொலை'யும் ஒன்று. முதல் உலகப் போரில் பார்வை இழந்த படைவீரர்களும் அதைக் கேட்டவர்களில் இருந்தார்கள். நீதி நூலோடு துப்பறியும் கதையும் தங்களுக்கு வேண்டும் என்று கேட்பவர்களின் உரிமை தொடக்கத்திலேயே ஏற்கப்பட்டிருக்கிறது. அந்நாவலைப் படித்தவர்களுக்கு, அதை வாசிக்கும் குரலுக்கு எவ்வளவு கட்டுப்பாடு தேவை என்பது தெரியும். படிக்காதவர்களுக்காக இதற்குமேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

அச்சு நூல்களைப் படிக்க இயலாதோருக்காக அவற்றை மாற்று வடிவில் ஆக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் உருவானது. 2014இல் அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகமும் தொடங்கப்பட்டது. பாடநூல்களுக்கு முதலிடம் கொடுப்பது நியாயமே. ஆயினும் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை, பார்வை மங்கியபின் அவற்றை எங்கே போய்க் கேட்கும் என்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

வாசகி அம்மையார் கதவுச் சத்தத்தைக் குறித்துச் சொன்னதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் காரணம், நம்மவர்கள் வானொலி நாடகத்தையும் ஒலிநூலையும் ஒன்றாக எண்ணுவதுதான். சென்னையில் 1938இல் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது முதல் நாம் கேட்டுப் பழகியது நாடகம். அதில் கதைசொல்லி இல்லை, பாத்திரங்கள் பேசுகிறார்கள். ஆகவே கதவு திறந்ததைச் சத்தம்தான் சொல்ல வேண்டும். நாவலில் கதைசொல்லி இருக்கிறார், அவரே சொல்லிவிடுகிறார். இரண்டையும் கலந்தால் இரண்டின் பயனும் கெடும்.

காசிமேட்டுத் தம்பிக்கும் ஒரு செய்தி. குற்றக் கதையைக் காதால் கேட்பதில் இந்த வடசென்னைக்குப் பழைய உரிமை உண்டு. ஜார்ஜ் டவுனின் குஜிலிக் கடைகளில் மலிவாக அச்சான, கொலைச் செய்திகளைப் பாட்டாகச் சொல்லும் கொலைச் சிந்துகளைச் சந்தையிலும் ரயிலிலும் பாடித்தான் விற்றார்கள். எழுத்தறியாதவரும் நின்று கேட்டுவிட்டு, வீட்டில் யாரையாவது படிக்கச் சொல்லலாம் என்று ஒரு பிரதி வாங்கிப் போனார்கள். பாடியவர் தம் சொந்தப் பேச்சில் பாடினார். அந்தப் பேச்சு குற்றவாளிக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

அதே மரபின் இன்னொரு பக்கம் எனக்குக் கவலை தருகிறது. 1952இல் நடந்த ஆளவந்தார் கொலை வழக்கை இன்று ஒலித்தொடர்களில் பலர் சொல்கிறார்கள். கொலை நடந்த வீடு இராயபுரம் செமட்ரி சாலையில் இருந்தது. உடல் டிரங்குப் பெட்டியில் போட் மெயில் ரயிலில் ஏற்றப்பட்டு மானாமதுரையில் கண்டுபிடிக்கப்பட்டது. தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இவ்வளவும் வழக்கு விவரம். நிதானமாகச் சொன்னாலே கேட்பவர் உறைந்துபோவார். ஆனால் சாலையின் பெயரைச் சொல்லும்போதே ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு, இறந்தவரின் கடைசி நிமிடங்களைத் தாமே கற்பனை செய்து நடித்துக் காட்டுகிறார்கள். அந்தச் சாலையில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. உண்மையில் இறந்த ஒரு மனிதனின் அலறலை நடித்துக் காட்ட எவருக்கும் உரிமை இருப்பதாக நான் கருதவில்லை.

வண்ணாரப்பேட்டை வாசகி

ஐயா, உண்மை வழக்குகளைக் குறித்து நீங்கள் எழுதியதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

எண்ணூர்த் தம்பி பல குரல்களைப் பற்றிச் சொன்னதற்கு வருகிறேன். பல குரல்களை வேண்டி நிற்கும் கதைகள் உண்டு. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) முழுவதும் நாட்குறிப்புகள், கடிதங்கள், செய்தித்தாள் துணுக்குகள், ஒரு கப்பலின் பதிவேடு ஆகியவற்றால் ஆனது; ஒவ்வொன்றுக்கும் எழுதியவர் வேறு. அங்கே குரல்கள் மாறுவது நாவலின் அமைப்பிலேயே இருக்கிறது. அதிலும் மருத்துவர் சீவார்டு தம் நாட்குறிப்பைக் கையால் எழுதுவதில்லை. ஃபோனோகிராஃப் உருளைகளில் பேசிப் பதிகிறார். கதையின் நாயகி மீனா அந்த உருளைகளைக் கேட்கிறாள். கேட்டு முடித்தபின், அவருடைய குரலில் அவர் மனத்தின் துயரம் அப்படியே ஒலித்ததாகவும், இனி எவரும் இதை இப்படிக் கேட்கலாகாது என்பதற்காகவே தட்டச்சு செய்துவிட்டதாகவும் சொல்கிறாள். எழுத்தில் மறையும் ஒன்று குரலில் மறையாது என்பதை ஸ்டோக்கர் அன்றே எழுதிவிட்டார். சீவார்டின் பகுதிகளை வாசிப்பவர் அழுது வாசித்தால் அந்த இடம் வீணாகிவிடும்; அழுகையை அடக்கிக்கொண்டு மருத்துவக் குறிப்பாக வாசிக்கத் தெரிந்தவர் கிடைத்தால், மீனா கேட்டதை நாமும் கேட்போம்.

ஆனால் கொலைகாரனின் பார்வையில் நகரும் அத்தியாயங்களில் பல குரல்கள் ஆபத்தானவை. நம் மர்ம எழுத்தாளர்கள் "அந்த உருவம் சுவரோரமாக நகர்ந்தது" என்று எழுதி, அது ஆணா பெண்ணா என்பதைப் பத்து அத்தியாயங்களுக்கு மறைத்து வைப்பார்கள். அந்த உருவம் ஒரு சொல் பேசினாலும் போதும். நடிகரின் குரல் காட்டிக்கொடுத்துவிடும். குரலைக் கருவியால் திரித்தாலும், முன்பு கேட்ட நடிகரின் பேச்சுநடையைக் காது கண்டுபிடித்துவிடுகிறது. இத்தகைய நாவலை ஒரே வாசிப்பாளர், பாத்திரங்களுக்கு இடையே சிறிய ஏற்ற இறக்கங்களோடு மட்டும் வாசிக்க வேண்டும். நான்கு பேர் பேசும் விசாரணையில் யார் பேசுகிறார் என்ற குழப்பம் வருவது, வேகமாக வாசிப்பதால்தான் என்பது என் அனுபவம்.

எண்ணூர் இரவுப்பணியாளர்

அந்த உருவத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், அக்கா. எனக்கும் அப்படி ஒரு கதையின் முடிவு பாதியிலேயே தெரிந்துபோனது. காரணம் இப்போதுதான் விளங்குகிறது. ஆயினும் ரயிலில் மெல்லிய இசை வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. இசையோடும் இசையில்லாமலும் இரண்டு வடிவங்களைக் கொடுத்துக் கேட்பவரைத் தேர்ந்துகொள்ளச் சொன்னால் என்ன? இன்னொன்றும் கேட்க வேண்டும்: இப்போது இயந்திரக் குரலில் வரும் கதைகளை என்ன செய்வது?

பெரம்பூர் ஒலிப்பதிவாளர்

இரண்டு வடிவங்கள் கொடுப்பது எளிது. குரலையும் இசையையும் தனித்தனித் தடங்களில்தான் வைத்திருக்கிறோம். கடைசிக் கலவையை இரண்டு முறை எடுத்தால் போதும். கேட்பவர்கள் கேட்டால் தயாரிப்பாளர்கள் செய்வார்கள்.

இயந்திரக் குரல் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏறத்தாழ ஒரே எடையில் வாசிக்கிறது. மேற்கோள் குறி முடிந்து "என்றான்" வரும் இடத்தில் அதற்குத் தயக்கம் இல்லை. அடுத்த பத்தியில் பிணம் இருக்கிறது என்று தெரிந்தவர் வாசிக்கும்போது, முந்தைய பத்தியிலேயே குரல் சற்றுத் தாழும். அந்த முன்னறிவு அதனிடம் இன்னும் இல்லை.

திருவொற்றியூர் தமிழாசிரியர் (ஓய்வு)

இயந்திரக் குரலை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மனிதர் எவரும் வாசித்துத் தராத நூல்களைத் திரை வாசிப்பான் வழியாகத்தான் நான் படிக்கிறேன். அது உணர்ச்சியின்றி வாசிப்பதால், உணர்ச்சியை நானே இட்டுக்கொள்கிறேன்; அலறுகிற மனிதக் குரலைவிட அது எனக்கு மேல். ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஒலிநூல் என்று விற்பவர்கள், வாசிப்பது மனிதரா இயந்திரமா என்பதை அட்டையிலேயே தெரிவிக்க வேண்டும்.

காசிமேட்டு இளைஞன்

ஐயா, அட்டையில் வாசிப்பாளரின் பெயரும் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிடித்த வாசிப்பாளரைத் தேடிப் போக இன்று வழியில்லை. பல செயலிகளில் எழுத்தாளர் பெயரோடு நின்றுவிடுகிறது. அக்கா, திகில் ஒலிநூலை இதுவரை கேட்டிராத ஒருவர் எதில் தொடங்கலாம் என்று சொல்லுங்கள். என் தங்கை கேட்கிறாள்.

வண்ணாரப்பேட்டை வாசகி

தங்கைக்கு ஆங்கிலம் பழக்கம் என்றால், 2005 முதல் தன்னார்வலர்கள் வாசித்துப் பதியும் லிப்ரிவாக்ஸ் தளத்தில் காப்புரிமை முடிந்த பழைய கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 'குரங்கின் பாதம்', 'துடிக்கும் இதயம்' இரண்டும் ஒரே அமர்வில் கேட்டு முடிக்கக் கூடியவை. ஒரே கதையைப் பலர் வாசித்திருப்பார்கள். இரண்டு மூன்று பேரின் முதல் ஐந்து நிமிடங்களைக் கேட்டுப் பார்த்து, அவற்றில் மிகக் குறைவாக நடிப்பவரைத் தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். தமிழில் என்றால் நெடுந்தொடரில் தொடங்க வேண்டாம். தனிச் சிறுகதையாக, முடிவோடு வருகிற ஒன்றை எடுக்கட்டும். வேகத்தை இயல்பில் வைத்து, இடைவெளி நீக்கும் வசதியை அணைத்துவிட்டுக் கேட்கட்டும். அவளுக்குப் பிடித்த வாசிப்பாளரின் பெயர் தெரிந்தால் இந்த இழையில் இடுங்கள். நாம் ஒவ்வொருவரும் இட்டு வந்தால், அட்டைகளில் இல்லாத அந்தப் பட்டியலை இங்கேயே சேர்த்துவிடலாம்.